அவிழ்த்துவிடுதல்

நோர்வேயில் ஓகஸ்ட் 20 ஆம் திகதிக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஏப்ரல் 1 தொடங்கி அன்றுவரை நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் வெளியே போகவேண்டும் என்பது நாடு முழுவதற்குமான சட்டம். குஞ்சு பொரிக்கும் பறவைகளையும் காட்டு விலங்குகளின் குட்டிகளையும் காப்பதற்காக வந்தது அது. மற்றது, ஐக்கஸ்தால் பள்ளத்தாக்கிலுள்ள மார்தால் நீர்வீழ்ச்சி பற்றியது. ஜூன் 20 இல் திறக்கப்படும் அந்த நீர்வீழ்ச்சி ஓகஸ்ட் 20 உடன் மூடப்படுகிறது. திறப்பது, மூடுவது என்று தெரிந்துதான் எழுதுகிறோம்.

இந்தக் கோடையில் நீர்வீழ்ச்சிகளைப் படம் பிடிப்பதற்கென்றே காரில் புறப்பட்டோம். நாம் இருவர், மகள், அவளுடைய நாய் பாம்ஸே. ஒஸ்லோவிலிருந்து தொம்போஸ் வரை வடக்கே போய், அங்கிருந்து ரொம்ஸ்தால் பள்ளத்தாக்கு வழியே மேற்கே இறங்கினோம். நாய் பின் இருக்கையை முழுதாக எடுத்துக்கொண்டது. இடியப்பப் பெட்டிக்கும் கமெரா முக்காலிக்கும் நடுவில் மகள் ஒடுங்கி இருந்தாள்.

நாம் அருவி தெரியாத மண்ணிலிருந்து வந்தவர்கள். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் விழுவதில்லை. அதைக் கிணற்றிலிருந்து இறைக்கவேண்டும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறு என்று சொல்லிப் பெருமைப்பட்டவர்கள். ஆகவே 297 மீற்றர் ஒரே வீழ்ச்சியாகப் பாறையைத் தொடாமல் விழும் தண்ணீரின் முன் நின்றபோது வாய் அடைத்துப்போனது உண்மை. அது செயற்கையானதா என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

கதை இதுதான். மார்டோலா ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, 1970 கோடையில் பலர் அங்கே மலைமேல் கூடாரமடித்து வழிமறித்தார்கள். அவர்களுள் ஒருவர் மெய்யியலாளர் ஆர்னே நெஸ். காந்தியைப் பற்றி நூல்கள் எழுதியவர். அடிக்கு அடி இல்லை, இருந்த இடத்தை விட்டு எழும்புவதும் இல்லை என்ற காந்திய முறையில்தான் போராட்டம் நடந்தது. பொலிசார் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். போராட்டம் தோற்றது, ஆறு திரும்பியது. கோடையில் உல்லாசப் பயணிகள் பார்ப்பதற்காக இரண்டு மாதம் மட்டும் தண்ணீர் விடுவது என்று ஆனது.

இயற்கைக்கு, மனிதருக்குப் பயன்படுவதற்கு அப்பால், தனக்கென ஒரு பெறுமதி உண்டென்பது நெஸ்ஸின் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி விழும் தண்ணீரிலிருந்தே வருகிறது. ஜனவரியில் வெளியே பனி உறைந்திருக்க, உள்ளே நாம் சேட்டோடு இருந்து தேநீர் குடிப்பது எங்கோ ஒரு மார்டோலா திருப்பப்பட்டதால்தான். குளிருக்குள் வந்து சேர்ந்த அகதிக்கு முதல் கிடைத்த கருணை அந்தச் சுவர் அடுப்பின் சூடு. அதை அனுபவித்துக்கொண்டு அருவிக்காக அழுவது எவ்வளவு நேர்மை? (தலவாக்கலையில் சென் கிளையார் அருவிக்கும் இதே கதிதான். மலையகத்தில் எதிர்ப்பு எழுந்தும் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது. பகலில் பார்ப்பதற்கென அருவிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். அதைப் பற்றி அப்போது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?)

கமெராவும் ஒரு அணைக்கட்டுத்தான். அருவி பாலாகத் தெரியவேண்டுமென்றால் முக்காலியில் வைத்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு விநாடி இரண்டு விநாடி திறந்து வைக்கவேண்டும். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது மட்டும்தான் படத்தில் மிஞ்சும். பாறை மிஞ்சியது, மரங்கள் மிஞ்சின. பாம்ஸே எல்லாப் படத்திலும் ஒரு மண்ணிறப் புகையாகவே விழுந்தது. "அசையாதை" என்று நாம் தமிழில் அதட்ட, மகள் நோர்வேஜிய மொழியில் கெஞ்ச, அது வாலை ஆட்டிக்கொண்டு போய்த் தண்ணீரைக் குடித்தது. அருவிக்கு அது செய்த மரியாதை அதுதான்.

அன்றிரவு தங்கிய சிறு மரவீட்டில் மகள் கேட்டாள்: "அப்பம்மாவின்ரை நாய்க்கு என்ன நடந்தது?"

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாம் அப்போது இங்கே வந்து எட்டு வருடம். ஊரில் அம்மாவும் ஜிம்மியும்தான். சைக்கிளில் ஒரு பை, கையில் ஒரு பை. வளவில் கட்டியிருந்த ஜிம்மியை அம்மா அவிழ்த்துவிட்டார். கட்டிப்போட்டு வந்தால் பட்டினியில் செத்துவிடும் என்று. அது பின்னால் வந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசலில் ஆட்களே ஆட்களைத் தவறவிட்டார்கள். அதற்குப் பிறகு அம்மா அதைக் காணவில்லை. இவ்வளவையும் ஒரு வருடம் கழித்து, வவுனியாவிலிருந்து தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, "அவிட்டுத்தான் விட்டனான்" என்று இரண்டு தரம் சொன்னார்.

மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கயிற்றிலை பிடிச்சுக்கொண்டு வந்திருக்கலாமே" என்றாள்.

நாம் அவளோடு கோபித்தோம். மழையும் ஷெல்லும் தெரியாத பிள்ளை என்று. ஆனால் கோபம் நியாயமில்லை. அவிழ்த்துவிடுவது எப்போது விடுதலை, எப்போது கைவிடுதல் என்பதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள். கயிற்றை அவிழ்ப்பவர் அருகிலேயே நின்றால் ஒன்று, நடந்துபோய்விட்டால் வேறொன்று. இந்த அளவுகோலை அம்மாவுக்குப் பிடிக்க எமக்குத் துணிவில்லை. ஏனென்றால் எமக்கும் பிடிக்கவேண்டிவரும். 1987 இல் படலையடியில் அம்மாவிடம் "நீங்கள் இருங்கோ, நாங்கள் போய்க் கூப்பிடுறம்" என்று சொன்னோம். கூப்பிடவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு வீடு சிறிது, பிறகு அம்மாவே வரமாட்டேன் என்றார். ஒவ்வொரு காரணமும் உண்மை. அணை கட்டியவர்களிடமும் காரணங்கள் இருந்தன, அவையும் உண்மைதான்.

மறுநாள் புறப்படவில்லை. ஓகஸ்ட் 21 காலை மறுபடியும் காட்டு வழியால் ஏறினோம். சத்தம்தான் முதலில் வித்தியாசமாக இருந்தது. அதாவது, சத்தம் இல்லை. பாறையில் நூல்போல ஒரு கசிவும் பெரிய ஈரக் கறையும். வேறு ஒருவரும் வரவில்லை. மகள் பாம்ஸேயின் கயிற்றைக் கழற்றினாள். அது ஓடிப்போய், நேற்றுக் குடித்த இடத்தில் மூக்கை வைத்து, தண்ணீர் குறைந்ததை முகர்ந்து பார்த்து, திரும்பி எம்மைப் பார்த்தது. பிறகு வந்து மகளின் காலடியில் இருந்தது. அந்த ஒரு படத்தில்தான் அது அசையாமல் விழுந்திருக்கிறது, பின்னால் வெறும் பாறை.

அம்மாவுக்கு எந்தப் படத்தை அனுப்புவது என்று இருவருக்கும் விவாதம். பால் போன்ற அருவி அவருக்குப் பிடிக்கும், அக்கம்பக்கத்துக்கும் காட்டலாம். முடிவில் இரண்டையும் அனுப்பினோம். அன்று மாலை அம்மா எடுத்தார். அருவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உது ஆற்றை நாய்? கட்டாமலே இருக்குது?" என்றார்.

மகள் எமது கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, தனக்குத் தெரிந்த தமிழில் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினாள். நெடுநேரம் கதைத்தார்கள். நாம் காரைப் போய்க் கழுவினோம்.