காட்டியது ஏன்?

நெபோ மலையில் எல்லோரும் மேற்கே பார்த்து நின்ற நேரத்தில் அந்த அம்மா கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். எங்கள் திருயாத்திரையின் முதல் நாள் அது. விடியற்காலை அம்மானில் இறங்கி, மாதபாவில் தேவாலயத் தரையில் பதித்திருக்கும் ஆறாம் நூற்றாண்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டு மலைக்கு வந்திருந்தோம். பெத்லகேமும் கலிலேயாவும் கல்வாரியும் அதற்குப் பிறகுதான். அவற்றையெல்லாம் பார்த்து ஊர் திரும்பிய பின்னும் நினைவில் முந்திக்கொண்டு வருவது அந்த முதுகுதான்.

மோசேக்கு ஆண்டவர் கானான் நாடு முழுவதையும் காட்டிய இடம் நெபோ. காட்டிவிட்டு, நீ அங்கே போகமாட்டாய் என்றும் சொன்னார். மோசேக்கு அப்போது 120 வயது. கண் மங்கவில்லை என்கிறது இணைச்சட்டம். 1930களில் பிரான்சிஸ்கன் துறவிகள் அகழ்ந்தெடுத்த பழைய கோயில் அங்கே இருக்கிறது. பக்கத்தில் பாம்பு சுற்றிய பெரிய சிலுவை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் வந்து ஒரு ஒலிவ மரம் நட்டுப் போனார். மேடையின் விளிம்பில், எந்தத் திசையில் எந்த ஊர் என்று பொறித்த பலகை. வானம் தெளிவாக இருந்தால் எருசலேமே தெரியுமாம். அன்று புழுதிமூட்டம். சாக்கடல் மட்டும் தட்டையாகக் கிடந்தது.

"வாங்கோ அம்மா, யோர்தான் பக்கம் தெரியுது" என்று கூப்பிட்டேன்.

"நீங்க பாருங்கோ தம்பி. எனக்குப் பாத்தது காணும்."

அவ்வளவுதான். களைப்பாக இருக்கலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் களைத்தவர் இருக்கும் இருப்பு அப்படி இருக்காது. முதுகு நிமிர்ந்திருந்தது. பேருந்துகள் நிற்கும் பக்கத்தையே பார்த்தபடி, யாரோ வரச்சொல்லிக் காத்திருப்பவரைப் போல இருந்தார்.

அவர் இரணைமாதா நகரைச் சேர்ந்தவர். கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த ஊர், 1992இல் இரணைதீவிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்க மீனவர் குடியிருக்கும் இடம். போர் முடிந்த பிறகும் தீவில் கடற்படை இருந்தது. திரும்பிப் போக விடும்படி கேட்டு 2017 மே முதலாம் திகதி தொடங்கிய போராட்டத்தில் ஒரு வருடத்துக்குக் கிட்ட இருந்து பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களே தீவுக்குப் போய் இறங்கினார்கள். முதலில் போனது கோயிலுக்கு.

விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் இருந்தபோது அவர் இதில் பாதியைத்தான் சொன்னார். மற்றப் பாதி அவருடைய வீட்டுக்காரரைப் பற்றியது. கடலுக்குப் போய்வரும்போது தீவை ஒட்டிப் படகு வருமாம். கரைக்கு வந்ததும் கோயில் கூரை எப்படி இருக்கிறது, எந்தத் தென்னை விழுந்துவிட்டது என்று சொல்வாராம். இருபது வருடத்துக்கு மேல் அப்படிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர், படகுகள் கொடி கட்டிப் புறப்படுவதற்கு முன்னமே இறந்துபோனார்.

ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய், அவர் காலமெல்லாம் நடந்து தேடிய நிலத்தைக் காட்டி, இது உனக்கில்லை என்று சொல்வது இரக்கமா, தண்டனையா? சின்ன வயதிலேயே மோசேயின் கதையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் இருந்த காலம். கிடுகுக் கொட்டிலில் ஞாயிறு மறைக்கல்வி நடக்கும். பாறையோடு பேசச் சொல்ல மோசே கோலால் இரண்டு தரம் அடித்தார், அதனால்தான் நாட்டுக்குள் போகவில்லை என்று சொல்லித் தந்தார்கள். தண்ணீர் வந்ததுதானே, சனம் குடித்ததுதானே, பிறகு என்ன குற்றம் என்று கேட்டேன். குடத்தோடு வரிசையில் நின்று பழகிய பிள்ளைக்குத் தண்ணீர் வந்தால் போதும். கீழ்ப்படியாமை என்று பதில் வந்தது. அது எனக்கு இன்றைக்கும் போதவில்லை.

அந்தக் கொட்டில் வாழ்க்கையில் அப்பா பின்னேரங்களில் முற்றத்து மண்ணில் தடியால் எங்கள் வளவைக் கீறுவார். இது கிணறு, இது மாமரம், இது மாட்டுக்கொட்டில். தம்பி கைக்குழந்தையாக வந்தவன். அவனுக்குக் காட்டத்தான் கீறுவார். அம்மா வந்து காலால் அழித்துவிடுவா. "பிள்ளையளுக்கு ஏன் இதைக் காட்டுறியள்? இருக்கிற இடத்தில இருக்க விடுங்கோ." அப்பா ஒன்றும் பேசமாட்டார். அடுத்த பின்னேரம் திரும்பவும் கீறுவார். அன்று நான் அப்பாவின் பக்கம். இப்போது எனக்கும் பிள்ளை இருக்கிறாள். அம்மாவின் கோபத்தில் இருந்த பயம் விளங்குகிறது. காட்டப்பட்ட பிள்ளை, நிற்கும் மண்ணில் கால் ஊன்றாது என்று பயந்திருப்பா.

யூத மரபில் ஒரு கதை உண்டு. எங்கேயோ வாசித்தது, பாதிதான் நினைவிருக்கிறது. மோசே கெஞ்சுகிறார். மனிதனாகப் போகக்கூடாதென்றால் புல் மேயும் மிருகமாகவாவது போகவிடும். அதுவும் இல்லையென்றால் ஒரு பறவையாகவாவது. எல்லாவற்றுக்கும் மறுப்பு. கிடைத்தது பார்வை ஒன்றுதான். அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் மோசேயின் தண்டனை பாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மலையில் இன்னொன்றும் உறுத்தியது. அடுத்த நாள் நாங்கள் பேருந்தில் ஆற்றைக் கடந்து எரிக்கோவுக்குப் போவோம். எங்கள் கடவுச்சீட்டில் அதற்கு வழி இருந்தது. 1948இலும் 1967இலும் மறுகரையை விட்டு வந்த பாலஸ்தீனர்களும் அவர்கள் பிள்ளைகளும் யோர்தான் நாடெங்கும் வாழ்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த மேடையில் தெரிவது சொந்த ஊர். நாங்களோ அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கேப்பாப்பிலவில் இராணுவ முகாம் வேலிக்கு வெளியே குந்தியிருந்து தங்கள் காணியைப் பார்த்த சனத்துக்கு முன்னால் யாராவது அப்படி நின்று படம் எடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஆனாலும் காட்டுவது வீண் என்று சொல்ல என்னால் முடியவில்லை. இரணைதீவுக்குப் போன படகுகளில் 1992க்குப் பின் பிறந்தவர்களும் இருந்தார்கள். பார்த்தவர்கள் வந்து சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தீவு யாரோ ஒருவரின் தீவு. மோசேக்குக் காட்டியதும் அவருக்காக மட்டும் இருந்திராது, யோசுவாவிடம் சொல்லிவிட்டுப் போவதற்காகவும் இருந்திருக்கலாம். இப்படி யோசித்தால் மனம் கொஞ்சம் ஆறும். அடுத்த கணமே அந்த முதுகு வந்துவிடும். அவர் தீவுக்குள் போனவர், கோயிலில் முழந்தாளிட்டவர். பிறகும் ஏன் பார்க்க மறுத்தார்? இருபது வருடம் பார்த்துச் சொன்னவருக்குக் கிடைக்காததைத் தான் பெற்றதற்காகவா? தூரத்தில் வைத்துக் காட்டும் எதையும் இனி ஏற்பதில்லை என்றா? பிறகு அவரோடு ஒரே மேசையில் எத்தனையோ தரம் சாப்பிட்டேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் கால் வலி என்று சொல்லியிருப்பாரோ என்னவோ.

கிளிநொச்சியில் இப்போது நாங்கள் இருப்பது அப்பா கீறிக் காட்டிய வளவில் இல்லை. அந்த வளவு எங்கே என்று மகள் இடைக்கிடை கேட்கிறாள். சில நாள் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன். சில நாள், பாடத்தைப் படி என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.