நேத்து நல்லாத்தானே இருந்தே?

2014-ல் என் அம்மாவின் திதியன்று, சொந்தக்காரர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வீட்டில், என் தங்கையை நான் சோம்பேறி என்று சொன்னேன்.

காலை ஐந்து மணியிலிருந்து அவள்தான் சமையல். எங்கள் வீட்டில் அன்றைக்குக் காக்காவுக்கு வைத்த பிறகுதான் யாரும் வாயில் எதையும் போடலாம். அவளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பதினோரு மணி வாக்கில், பாதி வடை எண்ணெயில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். "நேத்து ஜவுளிக்கடையில மூணு மணி நேரம் நின்னியே, அப்ப நல்லாத்தானே இருந்தே? வேலைன்னா மட்டும் உடம்பு படுத்துதா? சோம்பேறி!"

அவள் பதில் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மிச்ச வடையைத் தட்டிப் போட்ட அத்தை சொன்னாள்: "அப்படியே அவ அம்மா!"

எல்லோரும் சிரித்தோம். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை சொல்லியிராத சரியான மருத்துவக் கணிப்பு அது. சொன்ன அத்தைக்கும் தெரியாது, சிரித்த எங்களுக்கும் தெரியாது.

2017-ல் தங்கைக்கு ஒரு நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி. வாந்தி. பார்வையில் ஒரு பாதி காணாமல் போய்விட்டது. பிறகு வலிப்பு. பக்கவாதம் என்று பயந்து ஓடினோம். அப்போது அவளுக்கு 36 வயது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு நரம்பியல் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தங்கையைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "உங்க அம்மாவுக்கு சுகர் இருந்ததா? காது நல்லா கேட்குமா?"

அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிலிருந்தே காது மந்தம். நாற்பதில் சர்க்கரை. குச்சி மாதிரி உடம்பு. மத்தியானம் ஆனால் கூடத்து ஓரத்தில் பாயை விரித்துப் படுத்துவிடுவாள். 2003-ல் இதயக் கோளாறில் போய்விட்டாள். நான் சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோது அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா நோய்.

நான் படித்தது பி.காம். மைட்டோகாண்ட்ரியாவைக் கடைசியாகப் பார்த்தது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், படம் வரைந்து பாகம் குறித்தபோது. எனவே எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நம் உடம்பின் செல்களுக்குள் இருக்கும் குட்டி மின்சார நிலையங்கள் இவை. சாப்பாட்டையும் மூச்சுக்காற்றையும் வாங்கி, ஏடிபி என்ற ரொக்கமாக மாற்றித் தருகின்றன. உடம்பு செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் இந்த ரொக்கம்தான் வேண்டும். ஒரு நாளில் நம் உடம்பு சுழற்சியில் விடும் ஏடிபி ஏறக்குறைய நம்முடைய எடை அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். ஆனால் எந்த ஒரு நிமிஷத்திலும் கையிருப்பு ஒரு கைப்பிடிதான். டர்ன்ஓவர் மலை மாதிரி, ஸ்டாக் மடுமாதிரி! வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும், இப்படிப்பட்ட கடையில் சப்ளை ஒரு நாள் நின்றால் போதும், ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அதிலும் மூளை, இதயம், தசை, கண், காது எல்லாம் பெரிய செலவாளிகள். முதல் அடி அங்கேதான் விழும்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன மரபணுத் தொகுதி உண்டு. மொத்தமே 37 மரபணுக்கள். அது அம்மா வழியாகத்தான் வரும். அப்பாவுடையது வருவதில்லை. (எல்லா மைட்டோகாண்ட்ரியா நோயும் இப்படி அல்ல. செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களில் பிசகு இருந்தால், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரலாம்.) ஒரே செல்லில் நல்லதும் பழுதானதும் கலந்து கிடக்கும். கலவை ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளின் உறுப்புக்கு உறுப்பு மாறும். அதனால்தான் ஒரே வீட்டில் ஒருத்திக்கு வலிப்பு, இன்னொருத்திக்குக் காது மந்தம், மூன்றாமவனுக்கு ஒன்றுமே இல்லை. சுமார் 5000 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகை மைட்டோகாண்ட்ரியா நோய் இருப்பதாகக் கணக்கு. முழுதாகக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கையை நினைத்து அல்ல. அம்மாவின் பாய்.

எங்கள் வீட்டில் பகலில் படுப்பவர்கள் இரண்டு பேர். அப்பாவுக்கு ஈஸி சேர், அம்மாவுக்குப் பாய். அப்பா ஞாயிற்றுக்கிழமை பூரா ஈஸி சேரில் கிடந்தால், "பாவம், வாரம் முழுக்க உழைச்ச மனுஷன்" என்பார்கள். நாங்கள் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்போம். அம்மா அரை மணி நேரம் படுத்தால், "விளக்கு வைக்கற நேரத்துல என்ன படுக்கை? வீடு விளங்குமா?" என்பாள் பாட்டி. அம்மாவுக்குக் காது கேட்காது என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். உங்கள் வீட்டிலும் ஈஸி சேருக்கு ஒரு நியாயம், பாய்க்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். யோசித்துப் பாருங்கள்.

திருக்குறளில் 60-வது அதிகாரம் ஊக்கமுடைமை, 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை. முப்பது குறளையும் மனப்பாடம் செய்து நான் பரிசு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். அதே நூலில் 95-வது அதிகாரம் மருந்து. இன்ன நோய், இன்ன காரணம் என்று முதலில் தேடிப் பார்க்கச் சொல்லும் அதிகாரம். ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தவுடன் நம் கை 61-ஐப் புரட்டுகிறதா, 95-ஐயா? எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக 61-லேயே நின்றுவிட்டது.

"அப்படியானால் யார் டயர்டாக இருக்கிறது என்றாலும் நம்பிவிட வேண்டியதா? ஊரில் பாதிப் பேர் படுத்துக்கொள்வானே!" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. களைப்புக்கு வவுச்சர் கிடையாது. ஆடிட் பண்ண முடியாது. நாம் ஆதாரமாக எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். நேற்று நல்லாத்தானே இருந்தான்! ஆனால் இந்த நோயில், நேற்று நன்றாக இருந்ததுதான் இன்றைய படுக்கைக்குக் காரணமாகவே இருக்கும். ஜவுளிக்கடையில் மூன்று மணி நேரம் நின்ற செலவுதான் மறுநாள் வடைச்சட்டி முன்னால் வந்து நின்றது. நான் எதைச் சாட்சியாக நிறுத்தினேனோ, அது அவள் பக்கத்துச் சாட்சி.

எங்கள் படிப்பில் வாராக் கடன் ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. கடன் கொடுக்கிற எந்தக் கடையிலும் சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். அதற்கு ஒரு தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் வியாபாரம் நடக்கிறது. ஏமாற்றுக்காரன் ஒருத்தன்கூட உள்ளே வரக்கூடாது என்று நினைப்பவன் கடையே திறக்க முடியாது. ஒரு சோம்பேறியை நம்பி நான் ஏமாந்தால் எனக்கு என்ன நஷ்டம்? பத்து வடை நான் தட்ட வேண்டியிருக்கும். ஒரு நோயாளியை நம்பாமல் விட்டதில் என்ன நஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கட்ட வழியில்லை. பெறவேண்டியவள் 2003-லேயே போய்விட்டாள்.

ஆனால் 'பாவம், படுத்தே இருக்கட்டும்' என்பதும் சரியில்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இந்த நோய்க்காரர்களில் பலருக்கு, டாக்டரின் மேற்பார்வையில் மெதுவாகக் கூட்டிக்கொண்டு போகிற நடை, சைக்கிள் போன்ற பயிற்சிகள் நல்லது செய்கின்றன. ஒரேயடியாகப் படுத்திருந்தால் இருக்கிற தசையும் தளர்ந்துவிடும். ஆக, "எழுந்திரு" என்ற அதே சொல் திங்கட்கிழமை மருந்து, புதன்கிழமை கொடுமை. எந்த நாள் எது என்று வெளியில் நிற்பவனால் சொல்ல முடியாது. அவளைத்தான் கேட்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கேட்டுவிட்டு, அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு பாருங்கள். ஓர் அண்ணனுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

தங்கையிடம் ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அவள் எழுதுவது பணக் கணக்கு அல்ல, தெம்புக் கணக்கு. தலைக்குக் குளிக்கும் நாளில் மார்க்கெட் இல்லை. சிங்க் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் சாப்பாடு. பட்டினி கூடவே கூடாது, விரதம் என்ற பேச்சே இல்லை. ஜுரம் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது, ஜுரம் அவ்வளவு பெரிய செலவு. பர்ஸில் ஒரு அட்டை. அதில் நோயின் பெயர், பார்க்கும் டாக்டரின் நம்பர், தவிர்க்க வேண்டிய மருந்துகள். வலிப்புக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் வால்புரோயேட், சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. கோ-என்சைம் க்யூ10, ரிபோஃப்ளேவின் என்று சில மாத்திரைகளும் சாப்பிடுகிறாள். அவை எல்லோருக்கும் பெரிதாகக் கேட்பதில்லை என்று டாக்டரே சொல்லித்தான் கொடுத்தார்.

இந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஒரு நாள் மறுபடி வாயைத் திறந்தேன். சனிக்கிழமை பக்கத்தில் 'சினிமா' என்று எழுதி, ஞாயிறு முழுக்கக் காலியாக விட்டிருந்தாள். "ஒரு நாள் தெம்பை சினிமாவுக்கா செலவு பண்றே? வீட்டு வேலைக்கு வெச்சுக்கலாமே?"

"ஏண்ணா, உன் சம்பளத்தை நீ எதுக்கு செலவு பண்றேன்னு நான் கேட்டிருக்கேனா?" என்றாள். அதோடு சரி. இல்லாதவர்கள் சினிமாவுக்குப் போனால் நமக்குப் பொறுப்பதில்லை. பணத்தில் மட்டுமல்ல, தெம்பிலும்.

சார்லஸ் டார்வின் வாழ்நாளில் பாதிக்கு மேல் களைப்பு, வாந்தி, படபடப்போடு கழித்தவர். காலையில் ஒன்றரை மணி நேரம் வேலை. கொஞ்ச நேரம் சோபாவில் படுத்துக்கொள்வார், மனைவி எம்மா கடிதமோ நாவலோ படித்துக் காட்டுவார். மறுபடி ஒன்றரை மணி நேரம். அன்றைய பெரிய வேலை பெரும்பாலும் அவ்வளவுதான். 1859-ல் அந்தப் புத்தகம் வந்தது. அவருக்கு இருந்ததும் மைட்டோகாண்ட்ரியா கோளாறாக இருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. நிரூபணம் இல்லை, வேறு ஊகங்களும் நிறைய உண்டு. என்னை உறுத்தியது நோயின் பெயர் அல்ல, சோபா. குடும்பச் சொத்தும் வேலைக்காரர்களும் இருந்ததால் டார்வினின் படுக்கை ஓய்வு ஆனது. அவர் வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண் அதே நோயோடு மத்தியானம் படுத்திருந்தால் என்ன பெயர் வாங்கியிருப்பாள்?

சர்க்காருக்கும் இதே குழப்பம்தான். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவிகிதம் இருக்க வேண்டும். தங்கை சான்றிதழுக்குப் போன அன்று நன்றாக நடந்தாள். அங்கே போவதற்காகவே இரண்டு நாள் படுத்துத் தெம்பு சேர்த்திருந்தாள்! செவ்வாய்க்கிழமை எண்பதும் வியாழக்கிழமை பத்துமாக இருப்பவளுக்கு எந்தக் கிழமையைச் சான்றிதழில் எழுதுவது?

எனக்கும் அதே அம்மாதான். நான் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. ஆண் என்பதால் என்னிடமிருந்து என் பையனுக்குப் போகாது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மாடிப்படியில் மூச்சு வாங்கினால் "வயசாகுது" என்கிறேன், எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

தங்கைக்கு அந்தச் சமாதானம் இல்லை. அவளுக்கு ஒரு பெண், பத்தாம் வகுப்பு. பிரிட்டனில் 2015-ல் சட்டம் கொண்டுவந்து, இன்னொரு பெண்ணின் நல்ல மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு கருவை உருவாக்க அனுமதித்தார்கள். அந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். செய்தியைத் தங்கையிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லது" என்று பேப்பரை மடித்து வைத்தாள். அதற்கு மேல் பேசவில்லை.

பெண்ணுக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. காதையும் சர்க்கரையையும் மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள், மரபணுப் பரிசோதனையை வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது அவள் சோபாவில் மொபைலோடு படுத்திருந்தாள். மணி பத்து. கணக்கு நோட்டு திறந்தபடி கிடந்தது. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், என் பையனும் அப்படித்தான். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவள் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"மாமா, நான் சோம்பேறியா? இல்ல எனக்கும் அம்மா மாதிரியா?"

நான் சமையல்கட்டைப் பார்த்தேன். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, ஒரு காதில்தான் மெஷின் மாட்டியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது.

"முதல்ல எழுந்து வந்து ரெண்டு இட்லி சாப்பிடு. அப்புறமா படுத்துக்கணும்னா படுத்துக்கோ."

அவள் மூன்று சாப்பிட்டாள். பிறகு மறுபடி சோபாவுக்கே போனாள். கணக்கு நோட்டை நான் எடுத்து மூடி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.