துடுப்பில் வைத்த காது

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவர். 1979இல் வெளிவந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் நம் தீவைத் 'தப்ரபேன்' என்று பெயர் மாற்றி, நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, அங்கிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றும் பொருள் நம் தலைக்கு மேல் அசையாமல் நிற்கும். அந்தக் கணக்கில்தான் கதையே தொங்குகிறது.

மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தடியில் உட்கார்ந்து அந்த நாவலின் கடைசிப் பக்கத்தை முடித்தபோது பூரணை நிலா ஏறிவிட்டது. தோணி கட்டிக்கொண்டிருந்த பெரியவர், "மீன் பாடுறதக் கேட்டிரிக்கயா மனே?" என்றார். துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் இறக்கி, மறுநுனியில் என் காதை வைக்கச் சொன்னார். ஈர மரத்தின் குளிர். உப்பு வாடை. பிறகு, தந்தியை ஒற்றை விரலால் சுண்டியதுபோல் மெல்லிய ஓசை, விட்டுவிட்டு வந்தது. பாடுவது மீனா, சிப்பியா, ஊரியா என்று ஊரில் இன்றைக்கும் பேச்சிருக்கிறது.

ஒரு நாவலுக்கு இது போதாதா? மட்டக்களப்பில் எழுதுகிற பிள்ளைகளே, இந்த வாவியிலிருந்து ஒரு அறிவியல் கதையைத் தமிழில் எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.