அரிசி விலையா, பேச்சுரிமையா?

ஒரு சமூகம் எதனை மேலாக மதிக்கின்றது என்பதை அளந்தறியக் கூடுமோ? கூடுமென்றார் அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்ட் இங்கிள்ஹார்ட். 1970-ஆம் வருஷத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஆறில் ஜனங்களின்முன் நான்கு நோக்கங்கள் வைக்கப்பட்டன: நாட்டில் ஒழுங்கைக் காத்தல், சர்க்காரின் முக்கிய முடிவுகளில் ஜனங்களுக்கு அதிக இடமளித்தல், விலைவாசி ஏற்றத்தைத் தடுத்தல், பேச்சுச் சுதந்திரத்தைப் பாதுகாத்தல். இவற்றுள் தலையானவை இரண்டைச் சொல்லுக என்பதே வினா. ஒழுங்கையும் விலைவாசியையும் எடுத்தோர் பொருள் நோக்கினர், மற்ற இரண்டை எடுத்தோர் பொருள் கடந்த நோக்கினர், கலந்தெடுத்தோர் இடைப்பட்டோர். இம்முடிவுகள் 1971-இல் வெளியாயின.

அவர் கூறிய காரணம் தள்ளத்தக்கதன்று. கிடைத்தற்கரியதையே மனிதன் பெரிதென எண்ணுகிறான். இளமையில் பதிந்த மதிப்போ எளிதில் மாறுவதில்லை. யுத்தத்திலும் பஞ்சத்திலும் வளர்ந்தோர் சோற்றையும் காவலையும் நாடினர். 1945-க்குப் பின் நிறைவில் வளர்ந்தோருள் உரிமையை நாடியவர் மிகுந்தனர்.

ஆயினும் அந்த அளவுகோலைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். வேலையில்லாத் திண்டாட்டம் என்ற பேச்சே அதில் இல்லை. 1991-இல் கிளார்க், தத் என்னும் ஆராய்ச்சியாளர் இக்குறையை எடுத்துக் காட்டினர். விலைவாசி தணிந்து வேலையின்மை பெருகிய காலத்தில், விலையைத் தன் முதற்கவலையாகக் கொள்ளாதவன் வேறொன்றைக் குறிக்கிறான்; உடனே அவன் பொருள் கடந்தவனாகி விடுகிறான்! வேலையிழந்து திண்ணையில் இருப்பவனுக்கு நல்ல ஞானப்பட்டம்!

இதனினும் பெரிய கேள்வியொன்று உண்டு. இரண்டை எடு, இரண்டை விடு என்றால் ஏழை என் செய்வான்? சோற்றை எடுப்பான். அது அவனுடைய அன்றைய நெருக்கடியைக் கூறும். அவனுடைய மதிப்பைக் கூறுமோ? முதன்மையைத்தான் கேட்டோம், மற்றவை வேண்டாவென்று சொல்லவில்லை என்பர் ஆய்வாளர். உண்மையே. ஆனால் பட்டியலில் ஏறும் பெயர் 'பொருள் நோக்கினர்' என்பதன்றோ?

நேயர்களே, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த நம்மவர் கேட்டவற்றை எண்ணுங்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டனர். அதனுடனேயே, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்றனர். பெண்களின் மானத்திற்குக் காப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பேசவும் கூடவும் சுதந்திரம் ஆகியவற்றையும் கேட்டனர். வயிறு நிறைந்தபின் கேட்டவையல்ல இவை. கூலி சிறிது உயர்ந்திருந்தும், மே மாதத்தில் ஆர். எச். நாதன் கைதானவுடன், அவரை விடுவிக்கக் கோரி மீண்டும் வேலையை நிறுத்தினர். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் மாண்டோரும் உண்டு.