ஆளுக்கு ஆடையா? ஆடைக்கு ஆளா?

கோட்டும் காற்சட்டையுமாகிய மேலைநாட்டு உடை ஒன்று தனக்கு வேண்டும் என்று எண்ணும் ஒருவன்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தையற்காரரிடம் சென்று அளவு கொடுத்துத் தனக்கென்றே தைத்துக்கொள்வது. மற்றொன்று, கடையில் வரிசையாகத் தொங்கும் ஆயத்த ஆடைகளுள் தன் உடலுக்கு ஏறத்தாழப் பொருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்வது. இஃது அவரவர் கையிருப்பைப் பொறுத்த சிறிய செய்தி என்றே பலரும் கருதுவர். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்கினால், இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பது புலப்படும். ஒரு மனிதனைத் தனியொருவனாகக் காண்பதா, பலருள் ஒருவனாகக் காண்பதா என்பதே அக்கேள்வி.

முதலில் அளவெடுத்துத் தைப்பதன் சிறப்பை நோக்குவோம். இலண்டன் மாநகரில் சாவில் ரோ என்றொரு தெரு உண்டு. ஆடவர் உடை தைப்பதில் 19ஆம் நூற்றாண்டு முதல் உலகப் புகழ் பெற்ற தெரு அது. அங்குள்ள தையற்கலைஞர் மார்பையும் இடுப்பையும் அளப்பதோடு நின்றுவிடுவதில்லை. வந்தவரின் ஒரு தோள் மற்றொன்றைவிடத் தாழ்ந்திருக்கிறதா, முதுகு சற்றே வளைந்திருக்கிறதா என்பவற்றையும் கூர்ந்து நோக்குகிறார். அவர் ஒருவருக்காகவே தாளில் வடிவம் வரைந்து, அதன்படி துணியை வெட்டுகிறார். முதலில் தற்காலிகமாக நூலோட்டி, உடுத்திப் பார்க்கச் செய்து, பின்னர் அதைப் பிரித்துத் திருத்துகிறார். தாழ்ந்த தோள் அவர் கண்ணுக்குக் குறையாகத் தோன்றுவதில்லை. ஆடை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதைக் கூறும் குறிப்பாகவே தோன்றுகிறது.

இத்துணை மதிப்பு எத்தனை பேருக்குக் கிட்டும்? செல்வர் சிலருக்கே கிட்டும். மேலைநாட்டு நகரங்களில் வாழ்ந்த ஏழை மக்கள், பிறர் உடுத்திக் கழித்த பழைய ஆடைகளையே நெடுங்காலம் வாங்கி உடுத்தினர். அளவெடுத்துத் தைத்த உடைதான். ஆனால் வேறொருவருக்கு அளவெடுத்தது! இந்நிலையை மாற்றியது ஆயத்த ஆடையே. நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் 1849இல் ஆயத்த உடைகளை விற்கத் தொடங்கியது. 1851இல் ஐசக் சிங்கர் தம் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரும்படைகளுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்ததால், வகுத்த அளவுகளில் தைக்கும் முறை வலுப்பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய பிரித்தானிய வீரர்களுக்கு அரசாங்கமே பொதுவுடை ஒரு தொகுதி வழங்கியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே அளந்து தைத்திருந்தால், கடைசி வீரனுக்கு உடை கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும்? எனவே, பொது அளவை இகழ்தல் தகாது. பலருக்கும் உதவ வேண்டும் என்னும் நல்லெண்ணத்துக்கு அது கருவியாயிற்று.

எனினும், பொது அளவு என்பது யாருடைய அளவு? 1950இல் அமெரிக்க விமானப்படை தன் விமானிகளின் உடல்களை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் ஆய்வாளர், உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் முதலிய 10 அளவுகளை எடுத்துக்கொண்டு 4,063 பேரின் கணக்கை ஆராய்ந்தார். அந்தப் பத்திலும் சராசரிக்கு அண்மையில் இருந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இலர். உயரத்தில் சராசரியாக இருந்தவர் கை நீளத்தில் வேறுபட்டார். மார்பில் சராசரியாக இருந்தவர் இடுப்பில் வேறுபட்டார். சராசரி மனிதன் கணக்கேட்டில் உள்ளான், மண்ணில் இல்லை. எல்லாருக்குமாகச் செய்யப்பட்டது ஒருவருக்கும் முற்றப் பொருந்தாது என்பதை இவ்வாய்வு மெய்ப்பித்தது.

இச்சிக்கலைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். சட்டம் பொதுவாகவே பேச இயலும்; வாழ்க்கையோ தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆனது. ஆகவே, சட்டம் தவறும் இடத்தில் அதைத் திருத்தும் நடுவுணர்வு வேண்டும் என்றார் அவர். அதற்கு உவமையாக, லெஸ்போஸ் தீவின் கட்டடக் கலைஞர்கள் கையாண்ட ஈய அளவுகோலைக் காட்டினார். அக்கோல் கல்லின் வடிவுக்கேற்ப வளைந்துகொடுக்கும். தையற்காரரின் கழுத்தில் தொங்கும் அளவுநாடாவும் அத்தகையதே அன்றோ? வளைவதால் அதில் உள்ள எண்கள் பொய்யாகிவிடுவதில்லை.

அவ்வாறாயின், இரண்டு வழிகளுக்கும் இடையே இணக்கம் காண இயலாதா? இயலும். அமெரிக்க விமானப்படை ஒவ்வொரு விமானிக்கும் தனி விமானம் கட்டவில்லை. முன்னும் பின்னும் நகர்த்தத்தக்க இருக்கைகளை அமைத்தது. நல்ல ஆயத்த உடையிலும் தையலின் உட்புறத்தில் சிறிது துணியை மடித்து விட்டிருப்பர். வாங்கியவருக்கு இறுக்கமாயின், பிரித்து விரித்துக்கொள்ளலாம். வெளியே தெரியாத அந்த விரல் அகலத் துணியில்தான், இன்னும் காணாத மனிதன்மீது தைத்தவர் கொண்ட மதிப்பு தெரிகிறது.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் பாடம் உண்டு. பாடத்திட்டம் ஓர் ஆயத்த ஆடை. தேர்வும் அத்தகையதே. அவை இல்லையேல் கல்வி செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிடும். ஆனால், வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளையும், பள்ளிக்கு வந்தபின்னரே தமிழைச் செவியுறும் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஒரே நூல் இருவருக்கும் ஒருங்கே பொருந்துமா? பொருந்தாதபோது நாம் யாரைக் குறை கூறுகிறோம்? கடைக்காரர் எவரும் சட்டைக்கேற்பக் கையைக் குறைத்துக்கொள் என்று சொல்வதில்லை. நாமோ, மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து, நீ தமிழுக்கு ஏற்றவன் அல்லன் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம்.

பொது அளவு வேண்டும். அதைக் கைவிடின் பலர் ஆடையின்றி நிற்பர். ஆனால், அளவு பொருந்தாத இடத்தில் திருத்தப்பட வேண்டியது துணியே, மனிதன் அல்லன். வகுப்பறையில் அந்தத் துணியைப் பிரித்துத் தைக்கும் ஊசி ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.