பச்சை முத்திரையும் புண்ணியக் கணக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம் பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, வாழைநாரில் கட்டு. ஒரு கிளி உருவாகச் சில மணி நேரம் பிடிக்கும். மாலையில் சாத்தும் கிளி மறுநாள் யாரோ ஒரு பக்தருக்குப் பிரசாதமாகப் போய்விடும். அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சிவகாசி. அங்கே அச்சாகும் காலண்டரிலும் ஆண்டாள் உண்டு, அவள் கையில் கிளியும் உண்டு. அந்தக் கிளி வாடாது. மேலே லாமினேஷன், ஓரத்தில் தங்க நிற ஃபாயில், தலைமாட்டில் தகரப் பட்டை. இரண்டும் அலங்காரம்தான், இரண்டும் விலையில்லாமல் கைமாறுபவைதான். முதலாவது சூழலுக்கு உகந்தது, இரண்டாவது உகந்ததல்ல என்று யாரும் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடலாம். அந்தத் தீர்ப்பு எதை வைத்து வந்தது? பொருள் இலையா பிளாஸ்டிக்கா என்பதை வைத்துத்தானே? வீட்டை அழகுபடுத்துவதிலும் பிறருக்குக் கொடுப்பதிலும் அறம் என்று ஒன்று இருந்தால், அது பொருளின் மூலப்பொருளில் முடிந்துவிடுமா என்பதே இங்கே கேள்வி.

இன்று பசுமை என்பது வாங்கக்கூடிய ஒரு குணமாகிவிட்டது. மூங்கில் பல்துலக்கி, விதை பொதிந்த பேனா, தேங்காய்ச் சிரட்டை விளக்கு, சணல் தோரணம் என்று கடைகளில் தனி அடுக்கே இருக்கிறது. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு மரக்கன்று கொடுக்கிறார்கள், புதுமனைப் புகுவிழாவில் விதைப்பந்து கொடுக்கிறார்கள். கொடுப்பவர் மனத்தில் நல்லெண்ணம் இருப்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் பழக்கம் மெல்ல மெல்லப் பரிகாரத்தின் வடிவத்தை எடுத்துவருகிறது. தோஷம் எங்கே இருக்கிறது என்று தேடாமல், ஒரு பொருளை வாங்கி ஒரு கையில் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்ற நம்பிக்கை. ஐந்நூறு மரக்கன்றுகளை அட்சதையோடு கொடுத்து அனுப்பிய மண்டபத்தின் பின்வாசலில் தண்ணீர் பாட்டில்கள் மலையாகக் குவிந்திருப்பதை யாரும் முரணாகக் கருதுவதில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள். வேப்பங்கன்றை அவர்கள் எங்கே நடுவார்கள்?

துணிப்பையை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. நல்ல காரியம். அதன் தொடர்ச்சியாக மணமக்கள் பெயர் அச்சிட்ட துணிப்பையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுப்பது பெருமையாகிவிட்டது. 2018இல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை பைகளின் முழு ஆயுளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது சாதாரண பிளாஸ்டிக் பையை விட மேலானதாகும். எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை என்றது அது. அந்த ஆய்வு குப்பையாகத் தெருவில் பறப்பதையும் சாக்கடையை அடைப்பதையும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. டென்மார்க்கில் குப்பை தெருவுக்கு வருவது குறைவு, நமக்கு அப்படியல்ல. எனவே 7,100 என்ற எண்ணை இங்கே அப்படியே கொண்டுவந்து மஞ்சப்பையைக் கேலி செய்வது நியாயமாகாது. ஆனால் 52 என்ற எண்ணிலிருந்து தப்பிக்க வழியில்லை. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு பைக்கு ஒரு வருடம். கதவுக்குப் பின்னால் ஆணியில் பதினைந்து கல்யாணப் பைகள் தொங்கும் வீட்டில் எந்தப் பை 52ஐத் தொடும்? பதினாறாவது பையைக் கொடுப்பவர் துணியைக் கொடுக்கிறார், அவ்வளவுதான். பசுமை என்பது வாங்கியவர் அந்தப் பையை எத்தனை முறை தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்பதில் பிறகுதான் உண்டாகிறது.

கொடையைப் பற்றி நம் மரபு நிறையவே யோசித்திருக்கிறது. திருப்பிச் செய்ய முடியாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், கொடுப்பது கடமை என்பதற்காகவே கொடுப்பதைச் சாத்துவிகம் என்றும், கைம்மாறு கருதிக் கொடுப்பதை ராஜசம் என்றும் கீதையின் பதினேழாம் அத்தியாயம் பிரிக்கிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையோ இன்னும் கறாரானது. இருப்பவருக்கே கொடுப்பதை அது தருமத்தை வைத்துச் செய்யும் வியாபாரமாகப் பார்க்கிறது, பசித்தவருக்கு இடும் சோற்றைத்தான் கொடை என்கிறது. இந்த அளவுகோலில் வைத்தால் நிறுவனங்கள் பெயர் பொறித்துக் கொடுக்கும் மூங்கில் பாட்டிலும் சணல் பையும் எந்தத் தட்டில் விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விளம்பரம் செய்வது பாவம் என்று சொல்லவில்லை. விளம்பரத்துக்கு மேல் தருமத்தின் பூச்சு பூசும்போதுதான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

இங்கே சிவகாசிக் காலண்டர் நம்மைத் திருத்துகிறது. கைம்மாறு கருதிய கொடைக்கு அதைவிட அப்பட்டமான உதாரணம் கிடையாது. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியாகும், மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் படத்தைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார்கள், மார்கழியில் கடைப் பெயரோடு முருகனும் லட்சுமியும் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் உருவாக்கிய தெய்வ முகங்கள் இப்படித்தான் தமிழ் வீடுகளின் பூஜையறைக்குள் நுழைந்தன. மூலப்பொருளை மட்டும் பார்த்தால் இது பசுமைக்கு எதிரி. ஆனால் அது வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையைப் பாருங்கள். தினம் ஒரு தாள் கிழிபடுகிறது; ராகுகாலம், எமகண்டம் பார்த்த பிறகு அதே தாளில் திருநீறு மடிக்கிறார்கள், பால் கணக்கு எழுதுகிறார்கள். வருடம் முடிந்ததும் அட்டை பிள்ளைகளுக்குப் பரீட்சை அட்டையாகிறது. சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் அரசமரத்தடியில் கொண்டுபோய்ச் சாய்த்து வைக்கிறார்கள். அந்த மரத்தடி அலங்கோலம் வேறு பிரச்சினை, அதை மறைக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு பொருளின் முடிவைப் பற்றிக் கொஞ்சமாவது கூச்சப்படும் மனம் அங்கே வேலை செய்கிறது. பெயரில் பசுமை இல்லாத காலண்டர் 365 நாள் உழைக்கிறது. பெயரிலேயே பசுமை கொண்ட விதைப்பேனா ஒரு வாரத்தில் மேஜை இழுப்பறைக்குள் காய்ந்துபோகிறது.

ஒரு பொருளின் முடிவை நினைத்துக் கூச்சப்படும் நமக்கு அதன் தொடக்கத்தைப் பற்றி அவ்வளவாகக் கூச்சமில்லை. இதைச் சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தைப் போல் வெளிச்சம்போட்டுக் காட்டும் இடம் வேறில்லை. தீபாவளிக்கு நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பட்டாசு கிஃப்ட் பாக்ஸில் இப்போது பச்சை நிற முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கின்றன. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உமிழ்வு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது, சரவெடியை விலக்கியது, வெடிக்க நேரக் கட்டுப்பாடு விதித்தது. நாகபுரியில் இருக்கும் நீரி ஆய்வகம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று புதிய கலவைகளை உருவாக்கியது. பேரியம் உப்புகள் கூடாது, காற்றில் கலக்கும் துகள் முப்பது சதவீதமாவது குறைய வேண்டும் என்பன அதன் சாரம். கம்பி மத்தாப்பு முதல் புஸ்வாணம் வரை பேரியம் நைட்ரேட்டை நம்பியிருந்த தொழிலுக்கு இது சின்ன மாற்றமல்ல. வாங்குபவரின் மூச்சுக்கு இதனால் நன்மை உண்டு, அதில் தகராறு இல்லை. ஆனால் அந்த முத்திரை அளப்பது திரி பற்றவைத்த பிறகு நடப்பதை மட்டுமே. திரி பற்றுவதற்கு முன்னால் நடப்பதை அது அளக்கவில்லை.

முன்னால் நடப்பது என்ன? காலையில் வெயில் ஏறுவதற்குள் மருந்து கலக்க வேண்டும். அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் சேரும் அறையில் ஒரு உராய்வு போதும், ஈரம் பட்டு மருந்து சூடேறினாலும் போதும். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று விதி இருக்கிறது. ஆனால் சீசன் நெருங்கும்போது ஆர்டர் குவிகிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்குப் போகின்றன. மரத்தடியில் வைத்து மருந்து செலுத்துகிறார்கள். பட்டாசுக்கான கருந்திரி செய்யும் வேலை வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நாளிதழ்கள் இதே காரணங்களைத்தான் அச்சிடுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி. இவற்றில் கடைசி நான்கும் பசுமைப் பட்டாசு என்ற சொல் புழக்கத்துக்கு வந்த பிறகு நடந்தவை. அன்பளிப்புப் பெட்டியின் மேல் பச்சை முத்திரை ஒட்டியதும் அதற்குள் இருக்கும் இந்த ஊர்ப்பெயர்கள் அழிந்துவிடுவதில்லை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அவை தெரியாமல் போகின்றன, அவ்வளவுதான்.

வாங்குகிறவனுக்கு இதில் என்ன பங்கு, தப்பு செய்தவன் ஆலைக்காரனல்லவா என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு வள்ளுவர் புலால் மறுத்தலிலேயே பதில் சொல்லிவிட்டார்: வாங்கித் தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்பது அவர் வாதம். கத்தியைத் தொடாதவன் என்ற காரணத்துக்காக அவர் யாரையும் விடுவிக்கவில்லை. சமணம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, பிறர் செய்வதற்கு உடன்படுவது, இந்த மூன்று வழியிலும் இம்சை வந்து சேரும் என்றது. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செய்வித்தவருக்குப் புண்ணியத்தில் பங்கு உண்டென்றால் இம்சையிலும் பங்கு உண்டு. இந்தத் தர்க்கத்தில் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ள முடியாது.

அப்படியானால் பட்டாசே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று சிலர் உடனே முடிவுக்கு வருவார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. மதிக்கத்தக்க துறவு அது. காரணம், அதன் இழப்பை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்களே. நகரத்தில் இருந்துகொண்டு வெடியை விடுத்துச் சூழலைக் காத்தேன் என்பவரின் துறவில் இழப்பு வேறொருவர் தலையில் விழுகிறது. மழை பொய்க்கும் கரிசல் காட்டில் விவசாயம் கைவிட்ட குடும்பங்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சகமும்தான் அடுப்பு. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதற்குக் காரணமே இந்த வறட்சிதான். எனவே பட்டாசை விடுங்கள் என்பது மட்டுமே அறமாகாது. விடுகிறவர் அந்தக் கைகளுக்கு வேறு என்ன வேலை என்ற கேள்வியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிழைப்பு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்புவதும் ஒரு காலத்தில் நியாயப்படுத்தப்பட்டது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. தொழில் அழிந்துபோகும் என்றார்கள். தொழில் அழியவில்லை.

மிஞ்சுவது ஓர் எதிர்ப்பு, அதுதான் வலுவானதும்கூட. சட்டையில் பருத்திக்காரனின் கடன், செல்பேசியில் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டே போனால் வீட்டில் ஒரு கோலம்கூடப் போட முடியாதே என்பார்கள். உண்மை. இதற்குப் பதிலையும் சமணமே வைத்திருக்கிறது. துறவிக்கு மாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். முழுத் தூய்மை இல்லறத்தாரிடம் கேட்கப்படவில்லை; தன் கைக்கு எட்டிய அளவில் இம்சையைக் குறைத்துக்கொள்வதும், குறைத்ததை முழுத் தூய்மை என்று பீற்றிக்கொள்ளாமல் இருப்பதும்தான் கேட்கப்பட்டன. கோலம் என்றதும் நினைவுக்கு வரும் ஒன்றையும் சொல்லிவிடலாம். பசுமை அலங்காரம் என்று வீடுகளில் நடப்பவற்றில் பாதி, பெண்களின் வேலை நேரத்தில் ஏற்றப்படும் கூடுதல் சுமை. கல்மாவுக்குப் பதில் அரிசி மாவு, காகிதத் தட்டுக்குப் பதில் துலக்க வேண்டிய தட்டு, கடைத் தோரணத்துக்குப் பதில் விடியற்காலையில் கோர்க்கும் மாவிலை. ஆண்கள் பாராட்ட மட்டும் வருவார்கள் என்றால், அந்த வீட்டின் பசுமையும் யாரோ ஒருவர் முதுகில்தான் நிற்கிறது.

கைக்கு எட்டிய அளவு என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. பிள்ளைக்கு ஒரு பாக்கெட் மத்தாப்பு வாங்கும் தகப்பனுக்கு அது குறைவு. ஆயிரம் கிஃப்ட் பாக்ஸுக்கு ஆர்டர் கொடுக்கும் நிறுவனத்துக்கும், ஊர் முழுக்கத் தீபாவளிச் சீட்டு பிடித்து மொத்தமாகக் கொள்முதல் செய்பவருக்கும் அது மிக அதிகம். அவர்கள் பெட்டியின் மேலுள்ள முத்திரையோடு திருப்திப்பட வேண்டாம். சரக்கு எந்த ஆலையில் தயாரானது, அதன் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, உரிமம் பெற்றவரே ஆலையை நடத்துகிறாரா, தொழிலாளருக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்கட்டும். ஆர்டரை ஐப்பசிக்கு முந்தைய அவசரத்தில் கொடுக்காமல் தை மாதத்திலேயே கொடுக்கட்டும். விலையைக் கடைசி ரூபாய் வரை அடித்துக் குறைக்கும் வழக்கத்தை விடட்டும். அப்படிக் குறைத்த தொகை உள்குத்தகை அறையிலிருந்துதான் ஈடாகி வருகிறது. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் பச்சை முத்திரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், அட்டையில் சூழல் நட்பு என்று அச்சிடும் செலவையாவது மிச்சம் பிடிக்கலாம்.