மண்குதிரையும் மயில்குதிரையும்

ஓம் சரவணபவ!

முருகனடியார் சொந்தங்களே, குதிரைக்குத் தமிழில் புரவி, பரி, இவுளி, மான்னு எத்தனை பேர்! துப்பாக்கி விசையும் குதிரைதான். கிடைக்காத பொருள் குதிரைக்கொம்பு.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இன்னொரு குதிரையும் தெரியும். மண்குதிரை. அதை நம்பி ஆற்றில் இறங்காதேன்னு பெரியவங்க சொல்வாங்க. அது மண்குதிர், அதாவது மணல்திட்டு என்பாரும் உண்டு. எதுவானாலும் கால் வைத்தால் கரைஞ்சிடும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோச்சு. களைப்பு தீரும்னு பலரும் நம்புகிற மண்குதிரை அது. போனவங்களைப் பழிக்க வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக வேண்டிக்குவோம்.

அப்போ எந்தக் குதிரையை நம்புவது? கந்தர் அநுபூதியின் முதல் பாட்டிலேயே அருணகிரிநாதர் மயிலைப் 'பரி' என்கிறார். பரிதல்னா ஓடுதல், இரங்குதல்னும் பொருள். பரிவு என்பதும் அந்தச் சொல்தான். நம்ம அப்பன் மயிலேறி ஓடி வருவதும் இரங்கி வருவதும் ஒண்ணுதான்!

மனசு கனக்கிறப்போ பாட்டிலைத் தேடாம 'முருகா'ன்னு கூப்பிடுங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட மனசுவிட்டுப் பேசுங்க. நண்பன் தடுமாறினா நீங்க பரிஞ்சு ஓடுங்க. அவனுக்கு அன்னைக்கு வந்த மயில் நீங்கதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!